தப்பியது நற்சான்று ஆகுமா?

கடல் இல்லாத நாடு நம் கொங்கு நாடு. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியோடு கலந்து, நெடுந்தொலைவு ஓடி, நாம் காணாத கரையில் கடலைச் சேர்கின்றன. நம் பாட்டன்மாருக்குக் கப்பல் என்பது பாடநூலில் கண்ட படமாகவே இருந்தது. இன்று நிலை வேறு. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியபோது, ஒருமுறை ஏறிப் பார்த்தால் என்ன என்னும் ஆசை நம் ஊர் இல்லங்களிலும் எழுந்தது. கேட்டரிங் படித்த நம் பிள்ளைகள் சிலர் அத்தகைய கப்பல்களில் சமைப்போராகவும் பரிமாறுவோராகவும் உலகைச் சுற்றி வருகின்றனர். ஆகவே கடலில் நேரும் விபத்து இனி நமக்கு அயலார் கதையன்று. அப்படிப்பட்ட விபத்து ஒன்றை முன்வைத்து, நம் மனச்சான்றிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை இங்கே சிந்திப்போம்.

2012-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் மாலை, இத்தாலி நாட்டின் சிவித்தாவெக்கியா துறைமுகத்திலிருந்து 'கோஸ்தா கொன்கோர்டியா' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. பயணிகளும் பணியாளரும் சேர்ந்து அதில் இருந்தோர் 4,229 பேர். ஜில்லியோ என்னும் சிறு தீவின் கரையோரமாகச் சென்று, அத்தீவுக்கு வணக்கம் செலுத்துவது போலக் கடந்து போகலாம் என்று கப்பல் தலைவர் வழியை மாற்றினார். இரவு உணவு வேளையில், நீருக்கடியில் இருந்த பாறை கப்பலின் பக்கத்தை ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்துக்குக் கிழித்தது. பயணிகளுக்கோ, மின்சாரக் கோளாறு என்றே அறிவிக்கப்பட்டது. கப்பலை விட்டு வெளியேறும் ஆணை பிறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. 32 பேர் மாண்டனர். எல்லாரும் இறங்கு முன்னரே கப்பலை விட்டு நீங்கிய தலைவர் பிரான்செஸ்கோ ஸ்கெத்தினோவுக்கு 2015-இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

அதே இரவில் வேறு மனிதர்களும் இருந்தனர். தலைவர் இறங்கிய கப்பலில், தீவின் துணை மேயர் மாரியோ பெல்லெக்ரினி ஏறிச் சென்று மக்களை வெளியேற்றினார். இந்தியப் பணியாளர் ஒருவர் தம் உயிர்காப்பு உடையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார் என்று உடனிருந்தோர் கூறினர். அவருடைய உடல் 2014 நவம்பரில்தான், எல்லாருக்கும் கடைசியாக, மீட்கப்பட்டது. தீவின் மக்கள் தங்கள் வீடுகளையும் கோவிலையும் திறந்து, நனைந்து நடுங்கியோரை ஏற்றனர். ஆயனையும் கூலிக்கு மேய்ப்பவனையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை விளக்க இதனினும் தெளிவான நிகழ்ச்சி அரிது. ஆயினும் நாம் இங்கே கருத விரும்புவது வேறொன்று.

விபத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2011 ஆகஸ்டிலும் அதே கப்பல் அதே தீவின் கரையை நெருங்கிக் கடந்து சென்றது. அப்பயணம் தன் இசைவோடு நடந்ததென்று நிறுவனமே பின்னர் கூறியது. இரு பயணங்களும் எல்லா வகையிலும் ஒன்றெனச் சொல்ல மாட்டோம். ஆனால் பெருங்கப்பலைச் சிறு தீவின் கரையருகே அழகுக்காகக் கொண்டு செல்லும் விருப்பம் இரண்டிலும் ஒன்றே. ஆகஸ்டில் பாறை தட்டவில்லை. ஆதலால் வழக்கும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஜனவரியில் தட்டியது, உலகமே சினந்தது.

கேள்வி இதுதான்: தீய விளைவு நேராதபோது தவறும் இல்லாமற் போய்விடுகிறதா? தப்பித்துக் கரை சேர்ந்தது, நாம் செய்தது சரியே என்பதற்கு நற்சான்று ஆகுமா?

பிறரைக் கேட்கு முன் நம்மையே கேட்பது முறை. பல ஆண்டுகளுக்கு முன், எம் அன்பியக் குடும்பங்கள் சில சேர்ந்து பவானி ஆற்றங்கரைக்கு ஒருநாள் உலாச் சென்றோம். அக்கரையில் மர நிழலில் உண்டு இளைப்பாறி, மாலையில் திரும்ப வேண்டும். ஆற்றைக் கடக்கப் பரிசல். மூங்கிலால் வட்டமாகப் பின்னப்பட்ட அந்தக் கூடைப் படகுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏறுவோரைச் சுற்றிலும் சமமாக அமர்த்துவதே பரிசல்காரரின் முதல் வேலை. அதில் ஒருவருடைய எடை அவரை மட்டும் சார்ந்ததன்று. எதிரே அமர்ந்திருப்பவரின் உயிரும் அதைச் சார்ந்தது.

அன்று நாங்கள் பெரியவரும் சிறியவருமாகப் பதினொருவர். பரிசல்காரர் முதியவர். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டுப் பேருக்கு மேல வேண்டாமுங்க. மத்தவங்களை இன்னொரு நடை வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பேருந்து போய்விடுமே என்ற கவலை எங்களுக்கு. குழந்தைகள் எடையா என்றோம். கூடுதலாகத் தருகிறோம் என்றோம். இறுதியில் எங்களுள் மூத்தவர் ஒருவர், "ஒண்ணும் ஆகாதுங்க, மாதா பாத்துக்குவாங்க" என்றார். எல்லாரும் ஆமோதித்தோம். அந்த 'எல்லாரில்' நாமும் இருந்தோம். முதியவர் தயங்கித் தயங்கி இசைந்தார்.

நடு ஆற்றில் மீன்கொத்தி ஒன்று நீரில் பாய்ந்தது. குழந்தைகள் அதைக் காண ஒருபுறம் சாய்ந்தனர்; அவர்களைப் பிடிக்கத் தாய்மாரும் அதே புறம் சாய்ந்தனர். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்தது. "அசையாம உக்காருங்க!" என்று அம்முதியவர் போட்ட கூச்சல் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. துடுப்பை ஊன்றி எப்படியோ நிலைப்படுத்தினார். நனைந்த உடையோடு கரையேறினோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சிரித்தோம். கரையிலேயே நின்று மாதாவுக்கு நன்றியாகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னோம். பரிசல்காரரிடம் கூடுதல் பணத்தை நீட்டினோம். "பணம் இருக்கட்டுங்க. அடுத்த வாட்டி சொன்னாக் கேளுங்க" என்று கூறி, அவர் வாங்காமலே போய்விட்டார்.

நன்றி சொன்னோம், மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் சென்றபோது, இதனைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே! சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றே இருந்துவிட்டோம்.

2009 செப்டம்பர் 30-ஆம் நாள் அந்த உறக்கம் கலைந்தது. தேக்கடியில் பெரியாறு ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அவர்களுள் தமிழகத்திலிருந்து சென்றோர் பலர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது என்று செய்தித்தாளில் படித்தோம். படித்தவுடன் நினைவுக்கு வந்தது அந்த மீன்கொத்தி. இறந்தவர்களுக்கும் நமக்கும் இருந்த வேறுபாடு என்ன? அறிவிலோ அறத்திலோ நாம் ஒரு படி உயர்ந்தவர்கள் அல்லர். நம் பிள்ளைகள் சாய்ந்தது பரிசலில். அவர்கள் திரும்பியது படகில். சொல்லப்போனால் அவர்களைவிட நம் பொறுப்பே பெரிது. படகின் அமைப்பில் என்ன குறை, எத்தனை பேரை ஏற்றலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அது ஏற்றியவர்கள் அறிய வேண்டியது. நமக்கோ அறிந்தவர் ஒருவர் நேர் நின்று எச்சரித்தார்; அவர் வாயை நாம் அடைத்தோம். பின்னர் 2011-இல் கிறிஸ்து பிறப்பு விழா நாளன்றே பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து, உலாச் சென்ற 22 பேர் இறந்த செய்தி வந்தபோதும் அதே கூச்சமே நம்மைப் பற்றிக்கொண்டது.

தப்பியவருடைய நெஞ்சில் நிகழும் தவறு பெரிய நிறுவனங்களின் வழக்கத்திலும் நிகழ்கிறது. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 2,200 பேர் இருந்த அக்கப்பலில், 1,178 பேருக்கு மட்டுமே இடமளிக்கும் 20 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. அன்றைய சட்டம் கேட்டதோ 16 படகுகளே. சட்டத்துக்கு மேலாகவே செய்துவிட்டோம் என்னும் நிறைவு அவர்களுக்கு இருந்திருக்கும். பனிப்பாறைகள் உண்டெனச் செய்தி வந்த பின்னரும் வேகத்தைக் குறைக்காமல் செல்வது அக்காலக் கப்பல்களின் வழக்கம். விபத்தை ஆராய்ந்த பிரித்தானிய விசாரணையில் வெளிப்பட்ட உண்மை சிந்திக்கத்தக்கது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக எல்லாரும் அப்படித்தான் சென்றனர், பெருந்தீங்கு நேரவில்லை, ஆகவே அதுவே சரியான முறை என்று கருதப்பட்டது. முன்னே தப்பிய கப்பல்கள் ஒவ்வொன்றும் டைட்டானிக்கின் தலைவருக்குப் பொய்ச்சான்று கூறின. அக்கப்பலில் இருந்த தாமஸ் பைல்ஸ் என்னும் ஆங்கிலேயக் குருவானவர், தம் தம்பியின் திருமணத் திருப்பலியை நிறைவேற்ற நியூயார்க் நோக்கிச் சென்றுகொண்டிருந்தவர். தமக்குக் கிடைத்த படகிடத்தை மறுத்து, இறுதிவரை மக்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுக்கொண்டிருந்து அவர்களோடு மூழ்கினார்.

கொன்கோர்டியாவிலும் இதையே காண்கிறோம். பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்புப் பயிற்சி அளித்தால் போதும் என்பதே அன்றைய விதி. அன்று மாலை ஏறியோர் பலருக்கு எங்கே கூட வேண்டும், எந்தப் படகில் இறங்க வேண்டும் என்பதே தெரியாதிருந்தது. எத்தனையோ கப்பல்கள் முதல் இரவைத் தீங்கின்றிக் கடந்தன; ஆதலால் முதல் இரவில் தீங்கு வராது என்று கடற்சட்டமே நம்பியிருந்தது. 32 உயிர்கள் போன பின்னர், கப்பல் புறப்படு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்னும் விதி 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அளவு கடந்த சினத்தைக் காட்டிலும், மகிழ்ச்சி மயக்கத்தில் பிறக்கும் மறதி கொடிது என்பது அவர் கருத்து. துன்ப வேளையில் மனிதன் விழிப்பாயிருக்கிறான். விருந்திலும் உலாவிலும் விழாவிலும் அயர்ந்து போகிறான். உல்லாசக் கப்பலின் விபத்துக்கு இதனினும் சுருக்கமான விளக்கம் வேண்டியதில்லை.

திருவிவிலியத்தில் இதற்கு இணையான கடற்பயணம் ஒன்று உண்டு. திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில், கைதியாகிய பவுல் உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். குளிர்காலம் நெருங்குகிறது, மேலே செல்வது ஆபத்து என்று அவர் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்புகிறார். பெரும்பாலோரும் புறப்படுவதையே விரும்புகின்றனர். அப்போது தெற்கிலிருந்து காற்று மெல்ல வீசுகிறது. தமிழில் அதற்குத் தென்றல் என்று இனிய பெயர் இருக்கிறது. எண்ணியது கைகூடியது என்று நங்கூரத்தைத் தூக்குகின்றனர். சிறிது நேரத்தில் பேய்க்காற்று எழுகிறது. தென்றல் வீசியதால் அவர்களுடைய முடிவு சரியாகிவிடவில்லை. அது சரியெனத் தோன்றியது, அவ்வளவே. பரிசலில் மாதாவைத் துணைக்கு அழைத்த நாமும் தென்றலையே அருளெனக் கொண்டோம்.

அதே அதிகாரத்தில் மற்றொரு பாடமும் உண்டு. கப்பலில் இருந்த 276 பேரில் ஒருவரும் அழிய மாட்டார் என்னும் உறுதியைக் கடவுளின் தூதர் பவுலுக்கு அளித்துவிட்டார். அதன் பின்னும், கப்பலோட்டிகள் சிறு படகை இறக்கி நழுவ முயன்றபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல் படைவீரரிடம் கூறுகிறார். கடவுளே வாக்களித்துவிட்டாரே, மாலுமிகள் போனால் என்ன என்று அவர் இருந்துவிடவில்லை. கடவுளின் வாக்குறுதி மனிதரின் கடமையை நீக்குவதில்லை. கடமையின் வழியாகவே அது நிறைவேறுகிறது. கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகைக்கு ஆண்டவர் மறுமொழி கூறியதும் இந்தப் பொருளிலேதான். 'மாதா பாத்துக்குவாங்க' என்ற சொல் நம் வாயில் அன்று செபமாக வரவில்லை. முதியவர் ஒருவரின் நியாயமான மறுப்பை வெல்லும் கருவியாக வந்தது. அன்னையின் பெயரை நாம் வீணாகப் பயன்படுத்தினோம்.

'அப்படியானால் ஆபத்தில் தப்பியவன் கடவுளுக்கு நன்றி சொல்லக் கூடாதா?' என்று அன்பர்கள் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும். உயிர் அவர் தந்த கொடை. அது காக்கப்பட்டதும் கொடையே. ஆனால் கொடை வேறு, நற்சான்று வேறு. கொடையைப் பெற்றவன் பணிவான். நற்சான்று பெற்றதாக எண்ணுகிறவன் துணிவான். நாம் பணிந்தோமா, துணிந்தோமா என்பதை நம் அடுத்த செயலே காட்டும்.

ஆண்டவர் இயேசுவிடமே ஒருமுறை விபத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. நற்செய்தியாளர் லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் அதைப் பதிந்துள்ளார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்திருந்தனர். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று அவரே விடையும் கூறுகிறார். இறந்தோரைப் பழிக்கும் வாயை அந்த ஒரு சொல்லால் அடைத்துவிடுகிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் அழிவே என்று, உயிரோடு நிற்பவர்களை நோக்கித் திரும்புகிறார். விபத்து என்றவுடன் நாம் இறந்தவரின் கணக்கை ஆராய்கிறோம். ஆண்டவரோ கரையில் நிற்பவரின் கணக்கைக் கேட்கிறார்.

இதனால் எல்லாருடைய குற்றமும் ஒரே அளவு என்று சொல்ல வரவில்லை. மிகுதியாகக் கொடுக்கப்பட்டவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும். நாலாயிரம் உயிர்களைக் கையில் கொண்டவரின் பொறுப்பு, மீன்கொத்தியைப் பார்க்கச் சாய்ந்த குழந்தைக்கு இல்லை. விளைவைக் கணக்கிட்டுத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வழி; அதுவும் வேண்டியதே. மனச்சான்றின் மன்றமோ வேறு. அங்கே சாய்ந்ததா என்று கேட்பதில்லை. சாய்த்தாயா என்றே கேட்கும்.

அந்த மன்றத்துக்குக் கொண்டு செல்ல நம்மிடம் எத்தனையோ உண்டு. திருவிழா முடிந்து நள்ளிரவில், உறக்கத்தில் தள்ளாடும் ஓட்டுநரை 'விடியறதுக்குள்ள போயிரலாம்' என்று கிளப்பியது; மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைப்பாதையில், முன்னே செல்லும் வண்டியை முந்தச் சொன்னது; இருசக்கர வண்டியில் நால்வராக ஞாயிறு பூசைக்கு வந்தது; பஞ்சாலையிலோ பின்னலாடைக் கூடத்திலோ வெளியேறும் வழியில் மூட்டைகளை அடுக்கியது. ஒன்றும் ஆகவில்லை, ஆதலால் மறந்தோம். திருப்பலியின் தொடக்கத்தில், செய்த பாவங்களோடு செய்யத் தவறிய கடமைகளையும் அறிக்கையிடுகிறோம். ஆனால் 'ஒன்றும் ஆகவில்லை' என்ற திரைக்குப் பின்னால் இருப்பவற்றை அப்போது எண்ணிப் பார்க்கிறோமா?

இரண்டாண்டு கழித்து அதே பவானிக் கரைக்குச் சென்றோம். பரிசல்காரர் எங்களை மறக்கவில்லை.

"உங்களால எனக்கு ஒரு சங்கடமாப் போச்சுங்க. நீங்க போன அடுத்த மாசம் ஒரு கூட்டம் வந்துதுங்க. 'கோயமுத்தூர்க்காரங்க பதினோரு பேரை ஏத்துனீங்களாமே, எங்களுக்கு மட்டும் என்ன?'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க" என்றார்.

"ஏத்துனீங்களா?" என்று கேட்டோம்.

"ஏத்தலீங்க. வஞ்சுபோட்டுப் போனாங்க."

அன்றுதான் நமக்கு முழுதும் விளங்கிற்று. நாம் தப்பியது நம்மோடு முடியவில்லை. அது முன்மாதிரியாக மாறி, முகமறியாத பிறரை ஆற்றில் இழுக்கக் காத்திருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியவர் வசவு வாங்கிய அந்த முதியவர். அவர் மறுத்ததால் எந்த உயிர் பிழைத்தது என்று எவரும் காட்ட முடியாது. நேராத விபத்துக்குச் செய்தி இல்லை, நினைவுச்சின்னம் இல்லை, நன்றி சொல்வாரும் இல்லை. 'முடியாது' என்று சொல்லும் ஓட்டுநரையும் காவலரையும் மேற்பார்வையாளரையும் நாம் பிடிவாதக்காரர் என்கிறோம். ஒருநாள் அவர் இசைந்து, தீங்கும் நேர்ந்துவிட்டால், ஏன் தடுக்கவில்லை என்று அவரையே சிறைக்கு அனுப்புகிறோம். அவருடைய 'முடியாது' என்னும் சொல்லை மதிப்பதே நாம் செய்யக்கூடிய முதல் மனமாற்றம். அன்று நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, எட்டுப் பேரை எண்ணி ஏற்றினார். மற்றவர்கள் கரையில் காத்திருந்தோம். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்துக்கு இரவு வரை நின்றோம்.

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசிய ஆண்டவர், உடனடியாகக் கூறும் உவமை காய்க்காத அத்திமரத்தைப் பற்றியது. வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். இவ்வாண்டும் இருக்கட்டும், கொத்தி எருப்போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். அந்த ஓராண்டு, மரம் காய்த்ததற்குக் கிடைத்த பரிசு அன்று. காய்ப்பதற்குக் கிடைத்த தவணை. ஆற்றிலும் கடலிலும் சாலையிலும் ஆலையிலும் தப்பிக் கரை சேர்ந்த நம் ஒவ்வொருவரின் எஞ்சிய நாள்களும் அத்தகைய தவணையே. அதை நற்சான்றாக எண்ணிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிடாமல், தவணை முடியு முன் காய்க்கப் பார்ப்போம்.